பிரிண்டருக்கு வந்த பொய்க்காய்ச்சல்

என் மனைவியை இரண்டு நாளாவது படுக்க வைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

எங்களுடையது சலவைக் கடை. கீழே கடை, மாடியில் வீடு. நான் துவைப்பேன், அவள் தேய்ப்பாள். துணிக்குச் சீட்டு அடிக்க ஒரு சின்ன பிரிண்டர். சீட்டு இல்லாமல் ஒரு கைக்குட்டைகூட உள்ளே வராது. அது அவள் போட்ட சட்டம்.

காலமெல்லாம் தோள் கொடுப்பேன் என்று சொல்லிக் கட்டிக்கொண்டவன் நான். தோள் வலி என்னவோ அவளுக்குத்தான் வந்தது. இஸ்திரிப் பெட்டியைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டியவள், நேராக வந்து பெட்டியைச் சூடேற்றினாள்.

ரெண்டு நாளாவது படு என்று சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் பிரிண்டரோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். பேப்பர் தள்ளும் பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் அது சோதனை நிலைக்குப் போய்விடுமாம். அதன்பின் கம்ப்யூட்டர் சொல்வதைச் செய்யாது. வந்த கட்டளைகளை எல்லாம் அப்படியே குறியீடாக அச்சடித்துத் துப்பும். கோளாறு கண்டுபிடிக்க வைத்த வசதி. நான் கோளாறு உண்டாக்கப் பயன்படுத்திக்கொண்டேன். சீட்டு இல்லையேல் துணி இல்லை. துணி இல்லையேல் ஓய்வுதானே.

மறுநாள் முதல் ஆளாகக் கணக்கு வாத்தியார் ஒரு பேண்ட்டோடு வந்தார். அவர் கைக்குப் போன சீட்டில் வரி வரியாக எண்களும் எழுத்துகளும்.

"என்னம்மா, என் பேண்ட்டுக்குச் சமன்பாடா?" என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "என்னங்க இது?"

முகத்தைத் துக்க வீட்டுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டேன். "கோடு தப்பா வருது."

"கோடு எல்லாம் நேராத்தானே இருக்கு?"

"அந்தக் கோடு இல்லம்மா, கம்ப்யூட்டர் கோடு. இது உள்கோளாறு. தேற ரெண்டு நாளாகும். கடையை மூடிட்டு நீ போய்ப் படு."

"அப்படியா," என்றவள் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். இன்னொரு சீட்டு நீண்டது. "இதைப் படிச்சு, எங்க கோளாறுன்னு சொல்லுங்க."

இடது பக்க எண்கள்மேல் பெரிய நிபுணன்போல விரலை ஓட்டினேன். "இதோ, இந்த நாற்பதுதான் தகராறு பண்ணுது."

"வலது பக்கமும் பாருங்க."

பார்த்தேன். அவள் தட்டியது அப்படியே, ஆங்கில எழுத்தில் தமிழாக, துண்டு துண்டாக இறங்கியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'என்னங்க, நடிச்சது போதும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.'

வாத்தியார் பேண்ட்டை வைத்துவிட்டு நாசூக்காக நகர்ந்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் சீட்டுல பேரெல்லாம் பாதி பாதியா வந்துச்சே. சர்வீஸ்காரர் இப்படித்தான் போட்டு, என்ன வருதுன்னு பாத்தாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க மேல குறட்டை விட்டுட்டு இருந்தீங்க."

"வேற என்ன பண்றது? ராத்திரியெல்லாம் நீ புரண்டு புரண்டு படுக்கறே. கேட்டா வலிக்கலைங்கறே."

அவள் இஸ்திரிப் பெட்டியின் வயரை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றும்போதே தோள் சுருக்கென்றது, முகத்தில் தெரிந்தது. வயரை வாங்கிக்கொண்டேன்.

"ரெண்டு நாளும் நான் தேய்க்கறேன்."

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

"நான் தேய்க்கறேன்."

"காலர் மடிப்பு உங்களுக்கு வராது."

"வர வைக்கறேன்."

"கை சுட்டுக்குவீங்க."

"தயவு பண்ணி விடேன். கெஞ்சிக் கேக்கறேன்."

"இவ்வளவு சொல்றீங்க. சரி," என்று என் கன்னத்தை லேசாகத் தட்டிவிட்டு மாடி ஏறினாள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் சட்டையை விரித்தேன். ஒருவழியாக ஜெயித்துவிட்டேன். அதற்குள் எதிர்க் கடை பேக்கரிக்காரர் வெள்ளைக் கோட்டுகள் அடங்கிய மூட்டையோடு வந்து நின்றார்.

"அக்கா மேல ரெஸ்ட் எடுக்கறாங்களா அண்ணே?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"அக்காதான். அண்ணன் பிரிண்டர் புத்தகத்தைப் புரட்டறாரு, நாளையிலேருந்து ரெண்டு நாள் அவர்தான் தேய்ப்பாருன்னு நேத்தே தெரு பூரா சொல்லிட்டாங்களே."