டுரியான் தின்ற மாடும் திருநாள் காப்பியும்

யார் எதைத் தூக்கிப் போட்டாலும், ‘இதை மாடு தின்னுமா?’ என்று யோசிக்கிற புத்தி எனக்கு. (இன்றும் போகவில்லை, மாடுதான் இல்லை.) பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தபோது எங்களிடம் ஒரு கறவை மாடு இருந்தது. தேங்காய்ப் புண்ணாக்கு விலை ஏறினால் அம்மாவுக்குக் கவலை, எனக்குக் கொண்டாட்டம். தவ்பூ என்ற சோயாக் கட்டி செய்யும் சீனர் கடையில் சோயாச் சக்கை, பாசார்ச் சந்தையில் அன்னாசித் தோல் என்று எதையாவது அள்ளி வந்து போடுவேன். சக்கை போட்டால் பால் கூடியது. தோலை அதிகம் போட்டால் மாட்டுக்கு வயிற்றால் போனது. அதையும் ஆர்வமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் தோட்டத்து மாதா கோயில் திருநாளுக்குக் காப்பி கொடுக்கும் பொறுப்பு முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. அதுவரை அது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் வீட்டு உரிமை. ரப்பர் மரம் சீவுகிற வீட்டுக்கு அது கிடைத்ததில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மாடு பாலைக் குறைத்துக்கொண்டே வந்தது.

“பாலு பத்தலன்னா மானமே போயிரும்டி. கிராணியார் வீட்டம்மா முன்னாடி எப்படி நிக்கிறது?”

“நான் பாத்துக்கிறேன்லா. நீ கவலப்படாதம்மா.”

ஊரையே தூக்கும் நாற்றமுள்ள டுரியான் பழத்தின் காலம் அது. பாசாரில் விலைபோகாமல் வெடித்துப் புளித்த பழங்களைச் சாக்கு நிறைய அள்ளி வந்தேன். சோயாச் சக்கையோடு பிசைந்து, முதல் நாள் மாலையும், விடியற்காலை கறப்பதற்கு முன்பும் வைத்தேன். மாடு தொட்டியையே நக்கித் தீர்த்தது. பாலும் கூடுதலாகத்தான் வந்தது! நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்க டுரியான் வாசனை என்பதால், பாலில் இருந்ததை எங்கள் மூக்கு கண்டுகொள்ளவில்லை.

பூசை முடிந்தது. நற்கருணைக்காக இரவிலிருந்து பட்டினி கிடந்த சனம் காப்பிக்குப் பாய்ந்தது. வெள்ளைக்காரச் சாமியாருக்கு டுரியான் என்றாலே ஆகாது. கோப்பையை வாயருகே கொண்டுபோனவர், நிறுத்திவிட்டு, பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“இங்கே யாரோ டுரியானை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.”

கோயிலே தேடத் தொடங்கியது. பாய்க்கு அடியில், கதவுக்குப் பின்னால், பாட்டுக்காரர்களின் பைக்குள். நானும் முழு மனசோடு தேடினேன். கடைசியில் கிராணியார் வீட்டம்மா தம் கோப்பையை முகர்ந்தார்.

“எடி பிள்ளை, மாட்டுக்கு என்னத்தைப் போட்டனீ?”

சொன்னேன். சாமியார் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“மணமெண்டாலும் ருசியாத்தான் கிடக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ,” என்றார் கிராணியார் வீட்டம்மா. நல்ல மனுஷி. ஆனாலும் அடுத்த வருஷம் காப்பியைத் தம் வீட்டுக்கே எடுத்துக்கொண்டார். அம்மாவுக்குக் கடலைச் சுண்டல் பொறுப்பு வந்தது, கடைசிவரை சுண்டல்தான்.

கறந்த பிறகு டுரியான் போட்டிருந்தால், அடுத்த கறவையில் வாசனை இருந்திருக்காது. (அதையும் சோதித்துப் பார்த்தேன். அம்மா அதற்கும் அடித்தார்.)

அம்மா இறந்து முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்த தோட்டத்துச் சனத்துக்கு நான்தான் காப்பி போட்டேன். டின் பால்தான். எல்லோரும் கோப்பையை எடுத்தார்கள். ஒருவர்கூடக் குடிக்கவில்லை, ஒரே நேரத்தில் முகர்ந்து பார்த்தார்கள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.