உப்பு கம்மியான கடல்

படகில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து அடைத்த மறுநாளே தனியாகக் கடலுக்குப் போய்விடுவேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். பழைய பாய்மரப் படகை ஆசை ஆசையாக வாங்கியவனுக்கு இந்த உரிமைகூடவா கிடையாது?

"தனியாவா?" என்றாள் மனைவி.

"தனியாத்தான்!"

"அலை பெருசா வந்தா?"

"வரட்டுமே. நானா அதுவான்னு பாத்துடறேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். புத்தி கெட்டவன்.

படகுக்கு ஒரே ஒரு வியாதிதான். இன்ஜினுக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். சாயங்காலம் ஒட்டத் துடைத்துவிட்டு வந்தாலும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் நிற்கும். குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தேன். எது நனைகிறதோ அங்கேதான் கசிவு. ஒன்றுகூட நனையவில்லை, பள்ளம் மட்டும் நிறைந்திருந்தது! தலைகீழாகத் தொங்கித் தேடியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. அவள்தான் தைலம் தேய்த்துவிட்டாள். அப்படி ஒரு பரிவு!

கடைசியில் அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தால் கடல், கரிக்காவிட்டால் மழை. இது கரித்தும் கரிக்காமலும் இருந்தது.

சாப்பிடும்போது வாய் சும்மா இருக்கிறதா? "கடல் தண்ணிதான். ஆனா உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.

"கம்மியா?" அவள் முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் மறுபடி நாக்கில் வைத்தேன். உப்பு கச்சிதம்!

அடேயப்பா! கடலுக்கு என்மேல் அத்தனை மரியாதை கிடையாதே. நான் குறை சொன்னால் உப்பைச் சரி செய்கிற ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது தினமும் காலையில் பாட்டிலும் கையுமாகப் படகுத்துறைப் பக்கம் வாக்கிங் போகிறது.

"நீதானே ஊத்தறே?"

"ஆமா."

"அப்ப கசிவு?"

"பம்ப் ஹோஸ்ல கிளிப் லூசா இருந்துச்சு. மொதல் வாரமே முடுக்கிட்டேன்."

"அடிப்பாவி! ஏன் இப்படிப் பண்ணினே?"

"கசிவு நின்னா நீங்க கெளம்பிடுவீங்களே. திரும்பி வரலைன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

இந்த மூஞ்சிக்காக ஒருத்தி விடியற்காலையில் எழுந்து உப்புக் கரைத்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தனியாப் போகலை. போதுமா?"

"போக வேணாம்னு சொல்லலீங்க, ஆசைப்பட்டுட்டீங்க. மொதல்ல எனக்குப் படகு ஓட்டச் சொல்லிக்குடுங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, தேடி வரவாவது தெரிஞ்சிருக்கணும்."

எவ்வளவு நியாயமான பேச்சு! உருகிப்போய்ச் சொல்லிக் கொடுத்தேன். பாயை ஏற்றுவது, இறக்குவது, சுக்கான் பிடிப்பது எல்லாமே அவளுக்குச் சட்டென்று வந்துவிட்டது.

இன்று காலை படகு தனி ஆளோடு கடலுக்குக் கிளம்பிவிட்டது. சாயங்காலம் திரும்பி வரும்வரை பயப்படாமல் இருக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.