பனி பற்றிய கூடுதல் சொற்கள்

பெருமதிப்பிற்குரிய ஹாம் ரேடியோ போட்டி நடுவர் அவர்களுக்கு, ஊட்டி மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை நடத்தி, அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இப்போது சும்மா இருக்கும் நூர் அகமது எழுதிக்கொள்வது. இவ்விடம் குளிரைத் தவிர யாவும் நலம். தங்கள் நலத்துக்கு என் துஆ எப்போதும் உண்டு.

விஷயம் என்னவென்றால், என் லாக்கை, அதாவது போட்டியில் ரேடியோவில் பேசியதன் கணக்கை, தங்கள் கம்ப்யூட்டர் நாலு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. யாரோடு எத்தனை மணிக்குப் பேசினேன், என்ன எண் கொடுத்தேன், என்ன எண் வாங்கினேன் என்று பேச்சுக்கு ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னீர்கள். நோட்டில் அழகாகக் கோடு போட்டு எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆகாது என்றது. மருமகள் சுரையாவைக் கெஞ்சி டைப் அடித்து அனுப்பினால், இந்த வகை ஃபைல் ஆகாது என்றது. ஃபைலை மாற்றினால், நேரம் தப்பு என்றது. நான் ஊட்டி நேரம் எழுதியிருந்தேன், அதற்கு லண்டன் நேரம்தான் வேண்டுமாம். வெள்ளைக்காரன் ஊட்டியை விட்டுப் போய் எத்தனை காலமாச்சு, கடிகாரத்தை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான் பாருங்க! "மெசின்கிட்டப் போய் ஏனுங்க மாமா மல்லுக்கட்டுறீங்க? கேக்குறதக் குடுத்துட்டா அது பாட்டுக்குச் சும்மா கெடக்குமுங்க" என்றாள் சுரையா. கொடுத்தேன். ஒரே ஒரு வரி தவிர எல்லாம் சரியாகிவிட்டது.

அந்த வரி பிராங்ளினுடையது. கேத்தியில் கேரட் போட்டுக்கொண்டிருந்த என் சிநேகிதன். அவன் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ரெண்டு பேரும் சேர்ந்து கட்டிய ஏரியல் கம்பியில்தான் உலகம் பூராவும் பேசினோம். மகள் ஜெஸிந்தா கூப்பிட்டாள் என்று ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பியைச் சரிபாதியாக அறுத்து, ஒரு பாதியை என் கடை வாசலில் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டான். பங்கு பிரிக்கிறானாம் பங்கு! கம்பி என்னங்க கேக்கா, வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுக்குறதுக்கு? அவனே முதல்ல கூப்பிடட்டும்னு நான் போன் பண்ணலை. அவனும் பண்ணலை. நம்பர் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு, வீம்பும் இருக்கு. ரெண்டு வருசம் ஓடிப்போச்சு.

இந்தப் போட்டியில் அந்த அரைக் கம்பியை வைத்துக் கூவிக்கொண்டிருந்தபோது, அவன் குரல் பதில் சொன்னது. போட்டியில் வளவளவென்று பேசுவது வழக்கமில்லை, தங்களுக்குத் தெரியாததா? முதலில் 'அம்பத்தொம்போது'. உங்க சத்தம் பிரமாதம் என்று அர்த்தம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோரும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வோம், பந்தியில சாப்பாடு நல்லாருக்குன்னு சொல்ற மாதிரி. பிறகு, இது எத்தனையாவது பேச்சு என்கிற வரிசை எண். அவ்வளவுதான் பேச்சு. அவனும் அம்பத்தொம்போது சொன்னான், எண் சொன்னான். ஆனால் போகவில்லை. "அங்க பனி விழுந்துருச்சா?" என்றான். "விழுந்துருச்சு"ன்னேன். அதுக்குள்ள ஜப்பான்காரன் ஒருத்தன் நடுவுல பூந்து கத்த, இவன் காணாமப் போயிட்டான். பெர்த்தில் இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறதாம். அந்த வெயிலில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பனியைக் கேட்கிறான்.

காதில் கேட்டதை எழுதுவதுதானே லாக்? எண்ணுக்குப் பக்கத்திலேயே அவன் கேட்டதையும் எழுதினேன். 'கூடுதல் சொற்கள், நீக்கவும்' என்கிறது கம்ப்யூட்டர். சுரையாவும் "அழிச்சுருங்க மாமா"ங்குறா. எப்படிங்க அழிக்கிறது? ரெண்டு வருசத்துல அவன் எங்கிட்டப் பேசினதே அவ்வளவுதான். இருவர் லாக்கும் ஒத்துப்போனால்தான் பேச்சு நடந்ததாகக் கணக்கு என்பது தங்கள் விதி. என் லாக் தள்ளுபடியானால் அவன் என்னிடம் பேசவே இல்லை என்றாகிவிடும். பேசினான் ஐயா. ஆகவே அந்தச் சொற்களோடேயே என் லாக்கை ஏற்றுக்கொள்ளும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் ஏரியலும் இடி மின்னல் அண்டாமல் நீடூழி வாழ வல்ல இறைவனை வேண்டும்,

நூர் அகமது

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சுரையா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தங்கள் இணையப் பக்கத்தில் தள்ளுபடியான லாக்குகளின் பட்டியலில் பிராங்ளினும் இருக்கிறான். காரணம், கூடுதல் சொல். அந்தச் சொல்லையும் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்: 'விழுந்துருச்சு'. ஆகவே மேலே எழுதிய எதையும் கண்டுகொள்ள வேண்டாம். என்னையும் தாராளமாகத் தள்ளிவிடுங்கள், அவன் பேருக்குப் பக்கத்திலேயே. நான் அவனுக்குப் போன் போடப் போறேன். லாக் எப்படி அனுப்பணும்னு அந்த முட்டாப்பயலுக்கு யாராவது சொல்லித் தரணுமில்லைங்களா?