தொலைக்காட்சியின் தந்தையும் நாற்பது விநாடியும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு நெடுங்காலம் சும்மா இருந்தது. 1951ஆம் ஆண்டு, நியூயார்க் மாடிசன் அவென்யூவில், மெரிடியன் தொலைக்காட்சி நிறுவனத்தின் முப்பத்தொன்றாம் மாடியில், துணைத் தலைவர் திரு. வின்த்ரோப் ஹேல் தமது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிந்திக்கத் தொடங்கிய பிறகுதான் அது மறுபடி அசைந்து கொடுத்தது.

இதில் மிகை எதுவும் இல்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே இப்படித்தான் இருக்கிறது. அதை எழுதியவள் அவருடைய செயலாளர் லியோனா வோய்ச்சிக். ஆகவே அதைச் சந்தேகப்பட அவளுக்கு உரிமை கிடையாது.

லியோனாவின் அப்பா பேயோன் நகரத்து எண்ணெய் ஆலையில் குழாய் பொருத்துபவர். அம்மா பிறத்தியார் சட்டைக் காலர்களுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் லியோனாதான். நான்கு வருடம் இலக்கியம் படித்தாள். நிமிடத்துக்கு எழுபது சொல் தட்டச்சு செய்யத் தெரியுமா என்று நேர்காணலில் கேட்டார்கள். தெரியும் என்றாள். இலக்கியம் பற்றி யாரும் கேட்கவில்லை.

திரு. ஹேலின் சிந்தனைகள் குறிப்பாணைகளாக வெளிவந்தன. முறை எளிமையானது. பதினோரு மணிக்கு வருவார். ஜன்னலோரம் நின்று புறாக்களைப் பார்ப்பார்.

"லியோனா."

"சொல்லுங்க சார்."

"பொம்பளைங்க. வீடு. காலை நேரம்." கண்ணை மூடிக்கொள்வார். "இதுல என்னமோ இருக்கு."

"என்ன சார் இருக்கு?"

"அதான் சொன்னேனே. என்னமோ."

பிறகு சாப்பிடப் போய்விடுவார். மூன்று மணிக்குத் திரும்பும்போது அந்த "என்னமோ" பதினோரு பக்கங்களில் மேசைமேல் இருக்கும். அவர் முதல் பக்கத்தையும் கடைசி வரியையும் படித்து, "ஆமா, இதைத்தான் நினைச்சேன்" என்று கையெழுத்திடுவார். அலுவலக வழக்கப்படி ஒவ்வொரு குறிப்பாணையின் அடியிலும் சொன்னவரின் முதலெழுத்துகள் பெரிய எழுத்திலும், தட்டியவரின் முதலெழுத்துகள் சின்ன எழுத்திலும் இருக்கும். இரண்டையும் தட்டுபவள் அவளே.

அந்த வகையில் பிறந்ததுதான் 'பத்து மணி ஜன்னல்' நிகழ்ச்சி. கசாப்புக் கடைக்காரர் தராசில் கட்டைவிரல் வைப்பதைக் கண்டுபிடிப்பது எப்படி, வாடகைப் பத்திரத்தில் எந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது, காலர் தேய்த்துக்கொண்டே உலகச் செய்தி கேட்பது எப்படி: எல்லாம் லியோனா தன் அம்மாவை நினைத்து எழுதியது. ஒளிபரப்பாகும் முன்பே ஒரு பத்திரிகை இந்த எண்ணத்தைப் பாராட்டித் திரு. ஹேலைத் 'தொலைக்காட்சியின் தந்தை' என்று அழைத்தது. அந்தப் பட்டமும் அவள் அனுப்பிய செய்திக் குறிப்பில் இருந்ததுதான்.

தந்தையார் மனம் குளிர்ந்துபோனார்.

"உன் பேரு வரும்மா, திரையில. கடைசியில பேருங்க ஓடுமில்ல, அதுல. 'நிகழ்ச்சி எண்ணம்: லியோனா'... உன் குடும்பப் பேரு என்ன?"

மூன்று வருடமாக அவருக்குச் செயலாளராக இருப்பவள் தன் குடும்பப் பெயரைச் சொன்னாள்.

"அம்மாடி, நீளமா இருக்கே. பரவால்ல, இடமிருக்கு."

பேயோனில் இது பெரிய விவகாரமாயிற்று. மகளுக்கு "டைப்பு அடிக்கிற வேலை" என்றுதான் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நிகழ்ச்சியே தன் எண்ணம் என்று அவள் சொன்னபோது சூப்பிலிருந்து கரண்டியை எடுக்காமல், "பேரு வரட்டும், நம்புறேன்" என்றார். அந்தத் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே இடம் சிக்மண்டின் மதுக்கடை. வரலாற்றில் முதல் முறையாகக் காலை பத்து மணிக்குப் போலந்துக்காரர்கள் குடியிருந்த அந்தத் தெருவின் பெண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டு மதுக்கடைக்குள் நுழையச் சம்மதித்தார்கள். அப்பா அதற்காக வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார்.

இதற்கிடையே நிகழ்ச்சி சற்று 'மேம்படுத்தப்பட்டது'. விளம்பரம் தந்த சோப்புத்தூள் நிறுவனம் கசாப்புக் கடைத் தராசு மனத்தை நோகடிப்பதாகக் கருதியது. வாடகைப் பத்திரம் சோர்வூட்டுவதாகக் கருதியது. மீதியில் சோப்புத்தூள் போடப்பட்டது. லியோனா மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த மாற்றங்களை நியாயப்படுத்தி மிக அழகான ஆறு பக்கக் குறிப்பாணை எழுதினாள்.

முதல் ஒளிபரப்பின் முடிவில் திரு. ஹேலே தோன்றி நாற்பது விநாடி பேசுவது என்று முடிவாயிற்று.

"என்ன பேசுறது?" என்றார்.

"திரைக்குப் பின்னால உழைக்கிறவங்களப் பத்திப் பேசுங்க சார்."

"யாரு அவங்க?"

"நான் எழுதித் தர்றேன்."

எழுதினாள். கேமரா தள்ளுபவர், கம்பி இழுப்பவர், விளக்குக்குக் கீழே வேர்த்து நிற்பவர், பெயர் தெரியாத அந்தக் கைகள்தாம் நாம் காண்பதை நமக்குக் காட்டுகின்றன என்று எழுதினாள். எழுதும்போதே தன் எழுத்தில் தானே கண் கலங்கினாள். கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்தாள். சரியாக நாற்பது விநாடி.

அன்றைக்குக் காலை ஸ்டுடியோவில் பெயர்ச்சுருள் தயாராக இருந்தது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தில் பெயர்களை எழுதி உருளையில் சுற்றியிருந்தார்கள். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, கேமரா அதைப் பார்க்கும். லியோனாவின் பெயர் ஒன்பதாவது. தள மேலாளர் ஃபுஸ்கோ அதைக் காட்டினான்.

"என்ன பட்டதாரியம்மா, எழுத்து ஒண்ணும் தப்பில்லையே? எழுதினவன் உன் பேருக்கே ரெண்டு தடவ பெயின்ட் குழைச்சான்."

"ஒழுங்கா இருக்கு."

"அப்ப ஏன் மூணாவது தடவ படிக்கிற?"

திரு. ஹேல் வந்தார். பளீரென்று வெள்ளைச் சட்டையில் வந்தார். ஃபுஸ்கோ தலையில் கை வைத்தான். அந்தக் கேமராக்களுக்கு வெள்ளை ஆகாது, கண் கூசும். எல்லோரும் நீலச் சட்டைதான் போடுவார்கள். இது 'ஸ்டுடியோ நடைமுறைக் கையேடு' என்ற புகழ்பெற்ற நூலின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. ஆசிரியர்: வின்த்ரோப் ஹேல். எழுதியது யார் என்று இனியும் சொல்ல வேண்டியதில்லை.

"சார், கையேட்டுல..." என்றாள்.

"எந்தக் கையேடு?" என்றார் ஆசிரியர்.

சட்டை மாற்ற நேரமில்லை. விளக்கு விழுந்ததும் அவரைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் எழுந்தது. தேவாலயத்துப் படங்களில் இருப்பதைப் போன்ற அதே வட்டம்.

பேசினார். உண்மையாகவே நன்றாகப் பேசினார். முப்பத்தெட்டாவது விநாடியில் முடிவை நெருங்கினார். ஃபுஸ்கோ ஒரு விரலை உயர்த்தி வட்டமாகச் சுற்றினான். 'சீக்கிரம் முடி' என்று அதற்குப் பொருள். கையேட்டில் பதினான்காம் பக்கம், படத்துடன்.

திரு. ஹேல் அதைப் பார்த்தார். 'தொடருங்கள், இன்னும் பேசுங்கள்' என்று புரிந்துகொண்டார். கையிலிருந்த தாளின் முதல் வரிக்குத் திரும்பினார். பெயர் தெரியாத அந்தக் கைகளைப் பற்றி மறுபடியும், இந்த முறை இன்னும் நிதானமாக, பேசத் தொடங்கினார்.

ஃபுஸ்கோ இன்னும் வேகமாகச் சுற்றினான். திரு. ஹேலின் குரலில் கனிவு கூடியது. ஃபுஸ்கோ விரலால் தன் தொண்டையை அறுத்துக் காட்டினான். ஒரு சாதாரணத் தொழிலாளிக்குத் தொண்டை அடைத்துப்போவதைக் கண்டு திரு. ஹேலுக்கும் அடைத்துப்போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆறு விநாடி எடுத்துக்கொண்டார்.

பெயர்ச்சுருளுக்கு இருந்தது மொத்தமே நாற்பது விநாடி. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்த ஆள் லியோனாவைப் பார்த்தான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய உதடுகள் மட்டும் அந்தப் பேச்சை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தன. அந்த நாற்பது விநாடியும் அவர் பேச்சிலேயே தீர்ந்து, அலைவரிசை அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டது.

மதுக்கடைத் தொலைபேசியில் அம்மா கத்தினாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். வீட்டில் லியோனாவுக்கு லோன்யா என்று செல்லப் பெயர்.

"ஏண்டி லோன்யா, பாத்தோம்டி. உங்க முதலாளி எப்படிப்பட்ட மனுஷன். முகத்தச் சுத்தி வெளிச்சம்டி, புனிதர் மாதிரி. கஷ்டப்படுறவங்களப் பத்தி என்னமாப் பேசினாரு. ரெண்டு தடவ சொன்னாருடி, மறந்துடக் கூடாதுன்னு. உங்கப்பா அழுதுட்டாரு."

"அப்பாவா?"

"கம்பி இழுக்கிறவன்னு சொன்னாருல்ல, அங்க."

லியோனா ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டாள். "அம்மா, அது நான்..."

"இரு, அப்பா என்னமோ கேக்குறாரு." இரைச்சலுக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு. "உன் பேரு எப்ப வந்துச்சுன்னு கேக்குறாரு. நாங்க கண்ணு துடைக்கிறப்ப போயிடுச்சாடி?"

"ஆமாம்மா, அப்பதான்" என்றாள் லியோனா.

"சரி. உங்கப்பா நம்புறாராம். அந்தப் பெரிய மனுஷன்கிட்ட வேல பாக்குறவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்றாரு."

மறுநாள் பதினோரு மணி. திரு. ஹேல் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் பாராட்டுத் தந்திகள் குவிந்திருந்தன.

"லியோனா, ஒண்ணு கவனிச்சியா? நேத்து பேருங்க ஓடவே இல்ல. ஒரு ஆளு கேக்கல."

"இல்ல சார். கேக்கல."

"இதுல..."

"என்னமோ இருக்கு," என்றாள் லியோனா.

"அதேதான். இனிமே எந்த நிகழ்ச்சியிலும் வேணாம். அந்த நேரத்துல இன்னொரு விளம்பரம் போடலாம். எழுதிடு." தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

ஃபுஸ்கோ கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சுருளிலிருந்து ஒன்பதாவது பெயரை மட்டும் கத்தரித்துக் கொண்டுவந்திருந்தான். அதை அவள் மேசையில் வைத்தான்.

"எழுத மாட்டேன்னு சொல்லேன்."

"சொல்லலாம்."

"சொன்னா?"

"அவரே எழுதுவாரு."

"எழுதட்டுமே."

"மோசமா எழுதுவாரு ஃபுஸ்கோ. என்னால அதப் படிக்க முடியாது."

அவளுடைய தட்டச்சுப் பொறிக்கு ஒரு கால் குட்டை. மூன்று வருடமாக ஆடிக்கொண்டிருந்தது. தன் பெயரை நாலாக மடித்து அதன் கீழே வைத்தாள். ஆட்டம் நின்றது. மூன்று மணிக்கு நான்கு பக்கங்கள் மேசையில் இருந்தன. உழைப்பவன் புகழை நாடுவதில்லை என்றும், பெயரை மறைப்பதே அவனுக்கு நாம் செய்யும் உயர்ந்த மரியாதை என்றும் அந்தப் பக்கங்கள் அசைக்க முடியாதபடி நிறுவின. திரு. ஹேல் முதல் முறையாக நடுப் பக்கங்களையும் படித்தார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அடியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தன.

அன்று மாலை பேயோனுக்குப் போகும் ரயிலில் அவள் கோபத்தில் கொதித்தாள் என்று எழுதத்தான் ஆசை. உண்மை வேறு. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் மிக நன்றாக அமைந்துவிட்டது. வழி நெடுக அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்து, சிரித்துக்கொண்டே போனாள்.