எனக்காக ஒரு குட்டிக்கரணம்

மதுரையில் விமானத்தில் கால் வைக்காமலே விமானப்படையில் இருந்த ஒரே ஆள் கேடட்தான். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, அவன் சேர்ந்த விஷயம் படைக்கே தெரியாது. மற்றபடி முழுநேர ஊழியம்.

கல்யாணம் முறிந்த கையோடு தேனியிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு விளாங்குடி மாடி அறை ஒன்றுக்கு நான் குடிவந்தேன். அறையின் மறுபாதியில் அவன் இருந்தான். என்னைவிட ரொம்பச் சின்னவன். விமானப்படை அதிகாரி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். தெருவுக்கு அவன் கேடட்.

பெட்டியை இறக்கி வைப்பதற்குள் கேட்டான். "அண்ணே, நீங்க எனக்குக் கூட்டாளியா இருக்கீகளா?"

"என்ன கூட்டாளி?"

"பயிற்சில ஒவ்வொரு கேடட்டுக்கும் ஒரு கூட்டாளி உண்டுண்ணே. ஒருத்தன் தப்புப் பண்ணுனா தண்டனை ரெண்டு பேருக்கும். இப்பவே பழகிக்கிறணும்ல."

வாடகையைப் பாதியாகப் பிரிப்பது மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் நான் தூங்கித் தொலைத்தேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று பல்துலக்கியபடி ஜன்னலைத் திறந்தால், கீழே தார் ரோட்டில் கேடட் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு போகிறான். தெருமுனை பரோட்டாக் கடை பாய் கையில் மாவோடு ஓடி வந்தார்.

"என்னப்பா தம்பி, வலிப்பா?"

"இல்ல பாய். மேல அண்ணன் லேட்டா எந்திரிச்சிருச்சு."

பாய் நிமிர்ந்து மாடியில் நின்ற என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு பேஸ்டே கசந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அலாரம் வைக்காமல் படுத்ததில்லை. வண்டியைக் கோணலாக நிறுத்தினாலும், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டாலும் உருள்வது அவன்தான். எனக்கு இடுப்பு வலி என்பதால் என் பங்கையும் அவனே சேர்த்து உருண்டுவிடுவான்.

பாய் கடை அவனுக்கு அதிகாரிகள் உணவுக்கூடம். மூத்தவர் உட்கார்ந்து வாய் வைக்காமல் மற்றவர்கள் வாய் வைக்கக்கூடாது என்பது அங்கே முறையாம். கடையில் மூத்தவர் பாய். அவர் கல்லை விட்டு நகர்வதாக இல்லை.

"பரோட்டா ஆறுது, சாப்பிடுப்பா."

"நீங்க இன்னும் உக்காரலையே பாய்."

இரண்டு நாள் பார்த்துவிட்டு, பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "ம், ஆரம்பி" என்று சொல்லப் பழகிக்கொண்டார். ஒருநாள் அவரே விறைப்பாக சல்யூட் அடித்தார். கேடட்டுக்கு மனசு கேட்கவில்லை.

"பாய், இது தரைப்படை சல்யூட். நம்மளுது கை இம்புட்டு சாயணும். பிளேன் மேல ஏறுற மாதிரி."

சிரிக்கத்தான் செய்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் நான் எழுந்தேனா, படுத்தேனா என்று கவலைப்பட வேறு ஒரு ஜீவன் இல்லை. எனக்காக ஒருவன் ரோட்டில் உருள்கிறான் என்பதே எனக்குச் சோறு மாதிரி இருந்தது.

கேடட்டுக்கு வயது வரம்பு நெருங்கிவிட்டது. வெளியூரில் வந்த நேர்முகத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. ரயிலேற்றிவிடப் போனபோது, "அண்ணே, நான் இல்லாதப்ப லேட்டா எந்திரிக்காதீக. ரயில்ல உருள எடமிருக்காது" என்றான்.

அங்கே நெஞ்சில் ஒரு எண்ணை மாட்டிவிடுவார்களாம். கடைசி நாள் வரிசையில் நிற்க வைத்து, தேறியவர்களின் எண்ணை மட்டும் வாசிப்பார்களாம். சாயங்காலம் போன் வந்தது.

"கூப்பிடலண்ணே."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

திரும்பி வந்தவன் பையைக்கூடப் பிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். மறுநாள் வேண்டுமென்றே லேட்டாக எழுந்து, "ஆபீசுக்கு நேரமாயிருச்சுடா" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன். பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான். எனக்குப் பயமாகிவிட்டது. கைவிடப்பட்டவன் எப்படிப் படுத்திருப்பான் என்று எனக்குத் தெரியும். தேனியில் நான் அப்படித்தான் படுத்திருந்தேன்.

அவனைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனேன். ரோட்டில் மண்டி போட்டேன்.

"என்னண்ணே பண்றீக?"

"உன் நம்பரக் கூப்பிடலைல்ல? தண்டனை ரெண்டு பேருக்கும்தான்."

தலையைத் தரையில் வைத்து உருண்டேன். பாதியிலேயே சாய்ந்து சாக்கடை ஓரம் விழுந்தேன். பாய் கடையே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. கேடட் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கழுத்த உள்ள மடக்கணும்ணே. மறுபடி மொதல்ல இருந்து" என்றவன், பக்கத்தில் வந்து மண்டி போட்டான்.

இப்போது அவன் கோயம்புத்தூரில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அறை முழுக்க எனக்குத்தான். இன்றைக்கும் தூங்கித் தொலைத்தால், பல்துலக்கியபடி ஜன்னலைத் திறந்து ரோட்டை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். யாரும் உருள்வதில்லை.

போன் போட்டு, "மாப்ள, இன்னைக்கு லேட்டுடா" என்று மட்டும் சொல்வேன். "சரிண்ணே, பாத்துக்கிறேன்" என்பான். அப்புறம்தான் எனக்கு அன்றைய பொழுது விடியும்.