யுகுலேலேவுக்குப் பட்டை மாட்டும் பொருட்டு

சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் மனமுவந்து ஆறு யுகுலேலே அனுப்பிவைத்தது. சின்னக் கிதார் மாதிரி, நாலு கம்பி. அந்த வருடம் மேலதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் அதைத்தான் வாசித்தார்கள். ஆகவே ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்கும் அது இன்றியமையாததாகிவிட்டது.

தோளில் மாட்டும் பட்டை மட்டும் வரவில்லை. எட்டாம் வகுப்பு சிவரஞ்சனி நின்று வாசிக்கும்போது கருவியைத் தாங்குவதா, கம்பியை அழுத்துவதா என்று திண்டாடி, இரண்டு தடவை காலில் போட்டுக்கொண்டாள். மாவட்ட யுகுலேலே போட்டிக்கோ மூன்றே மாதம். இசை டீச்சர் பாண்டிசெல்வி ராஜபாளையத்துத் தச்சர் இசக்கிமுத்துவிடம் காட்டினாள்.

"அடியில ஒரு துளை போட்டு, பட்டை மாட்ட ஒரு குமிழ். தலைப்பக்கம் ஒரு கயிறு. செத்த நேர வேலை, டீச்சர்."

துளை என்றதும் அவளுக்கு வியர்த்துவிட்டது. அரசுச் சொத்தல்லவா? நேரே பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இசைக்கருவிப் பராமரிப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன் முன்னால் போய் நின்றாள்.

"துளை போட்டா மரம் குறையும்லா? குறைஞ்ச மரத்துக்கு யாரு பொறுப்பு?"

"அப்ப துளையில்லாம, நடுவில இருக்க ஓட்டையில கொக்கி மாட்டிக்கிடலாமா சார்?"

"ஏற்கெனவே ஓட்டை இருக்கா?"

"ஆமா சார். சத்தம் வாரதுக்கு."

அவர் முகம் இருண்டது. "ஓட்டைப் பொருளை நல்ல பொருள்னு கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கியளே, டீச்சர்!"

விசாரணைக் குழு வந்தது. ஆறு கருவிகளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் ஓட்டை இருந்தபடியால் இது தற்செயலன்று, திட்டமிட்ட செயல் என்று ஏகமனதாக முடிவு கண்டது. பாண்டிசெல்வி வேலை போய்விடுமோ என்று பயந்து, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ஆறு ஓட்டைகளும் ஒட்டுப்பலகை வைத்து அடைக்கப்பட்டன. 'கருவிகள் முழுமை பெற்றுவிட்டபடியால், துளையிட்டுப் பட்டை மாட்ட இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது' என்று ஆணை வந்தது.

போட்டியன்று சிவரஞ்சனி நிமிர்ந்து நின்று, பட்டையை மாட்டிக்கொண்டு, முழுப் பாட்டையும் வாசித்தாள். முன்வரிசையில் அதிகாரிகள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். அவர்கள் கைதட்டியதும் அரங்கமே கைதட்டியது. 'மென்மையின் உச்சம்' என்று நடுவர்கள் முதல் பரிசை அறிவித்தார்கள்.

"டீச்சர், நான் வாசிச்சது எனக்கே கேக்கலையே."

"ஏட்டி, வாயத் திறக்காத. போயி வாங்கு."

பின்வரிசையில் ஓர் அம்மா, தோற்றுப்போன தன் மகளின் தொடையில் கிள்ளினாள்.

"நீ எம்புட்டுச் சத்தமா வாசிச்ச, பாத்தியா? வீட்டுக்கு வா, அந்த ஓட்டைய அடைச்சிருதேன்."