அக்காவின் ரத்தத்தை நான் வாசித்த கதை

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஏ லெவல் பாஸான முதல் ஆள் நான். அதனால் விளைந்த கேடுகளில் பெரியது என் அக்காவின் தலையில்தான் விழுந்தது.

பசறைக்கு மேலே மலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். மருந்துச் சீட்டு, கரண்ட் பில் என்று இங்கிலீஷில் எது வந்தாலும் ஆட்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. (சொல்லியிருந்தால் உருப்பட்டிருப்பேன்.)

அக்காவுக்குப் பதுளையில் நோயாளி பராமரிப்புப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டு, பிறகு ரத்தம் சோதித்து, அறிக்கை கைக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் அதைக் கொடுக்கச் சொன்னார்கள். மூன்று ஊசிக்கும் பஸ்ஸில் துணைக்குப் போனவன் நான்தான்.

அறிக்கையில் மூன்று வரி. முதல் இரண்டும் நெகட்டிவ், மூன்றாவது பொசிட்டிவ். ரத்தத்தில் இருக்க வேண்டிய இரண்டு இல்லை, இருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். ஊசி போட்டோமே என்றாள் அக்கா.

"ஊசிக்கு முந்தியே வந்திருக்கும்க்கா" என்றேன்.

அம்மா அன்றைக்குக் கொழுந்துக்குப் போகவில்லை. அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மாறிவிடாமலிருக்க டம்ளரில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தவனும் நான்தான். ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று அப்பா அறிக்கையைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார்.  அக்கா சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, ஒரு மூலையில் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். 

பதினெட்டாம் நாள் அக்காவே அறிக்கையை எடுத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா.

"முதல் வரி, கிருமி இருக்கோ எண்டு பாக்கிறது. இல்லை. ரெண்டாவது, முந்தி எப்பவாவது வந்து போனதோ எண்டு. அதுவும் இல்லை. மூண்டாவது எதிர்ப்புச் சக்தி. ஊசி நல்லா வேலை செய்திருக்கு. இது பொசிட்டிவாத்தான் இருக்க வேணும்."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்ப தட்டெல்லாம் தனியா வைக்கத் தேவையில்லீங்களா?"

டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வருத்தம் இருந்திருந்தாலும் தட்டால தொத்தாது பிள்ளை. ஆர் இதை உங்களுக்கு வாசிச்சது?"

நான் சுவரில் இருந்த டெங்கு நுளம்பின் படத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பயிற்சியில் அவளுடைய இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. ஒரு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, அடுத்த வருடம்தான் சேர்ந்தாள். 

இப்போது அவள் வீட்டுக்குப் போனால் எனக்கு மட்டும் அந்தச் சிவப்புப் பொட்டு டம்ளரில்தான் பிளேன்டீ. "தம்பி ஏ லெவல். அவருக்குத் தனி டம்ளர்தான்" என்பாள். அவள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்காவோடு இருக்கும் எங்கள் அம்மா மட்டும் சிரிப்பதில்லை. நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக் கழுவி, மற்ற டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்து வைப்பாள்.